கரும்பலகையில் கீறிய காபரேற்றர்

பக்கத்து வீட்டு டீற்றரின் காருக்கு ஒரு போர்வை இருக்கிறது. மழைக்கு மூடுகிற தார்ப்பாய் அல்ல. உட்பக்கம் மென்மையான துணி வைத்து, காரின் மூக்குக்கும் முதுகுக்கும் அளவெடுத்துத் தைத்த உண்மையான போர்வை. ஒக்ரோபர் பிறந்ததும் அவர் அந்தக் காரைக் கராஜுக்குள் விட்டு, சக்கரங்களில் பாரம் ஏறாதபடி நான்கு மூலையிலும் கட்டை வைத்து உயர்த்துவார். பற்றரியைக் கழற்றி வீட்டின் நிலவறைக்குள் கொண்டுபோய் வைப்பார். காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் கருவி ஒன்றும் கராஜ் சுவரில் தொங்குகிறது. ஏப்ரல் வரை கார் நித்திரை. எழும்பிய பிறகும் வருடத்தில் ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஓடும், அதுவும் வானம் வெளித்திருந்தால். நான் ஜேர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு மகளிடம் வந்து இருபத்தைந்து வருடமாகிறது. குளிர், பின்னேரம் நாலு மணிக்கே வருகிற இருட்டு, தெருவில் ஒருவரும் ஒருவரையும் கூப்பிடாத அமைதி எல்லாம் பழகிவிட்டன. போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் கார் மட்டும் இன்னும் பழகவில்லை.

முதன்முதலாக அவர் அந்தப் போர்வையை விலக்கிக் காட்டியபோது என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். மொறிஸ் மைனர். உருண்ட மூக்கும், இரண்டு கண்ணும், குட்டி நாயின் முகமும். "உங்கள் நாட்டிலும் இது அருங்காட்சியகத்தில் இருக்கிறதா?" என்று டீற்றர் கேட்டார். "இல்லை, சந்தையில் நிற்கும். நாங்கள் இதில் வெங்காயம் ஏற்றுவோம்" என்றேன். அவர் அதைப் பெரிய பகிடி என்று எடுத்து வயிறு குலுங்கச் சிரித்து, உள்ளே போய் மனைவிக்கும் சொன்னார். நான் பகிடி விடவில்லை என்று விளங்கப்படுத்த அன்றைக்கு என்னிடம் இருந்த ஜேர்மன் போதவில்லை. பிறகு ஒருநாள் அந்தக் காரின் கதையை அவருக்குச் சொன்னேன். முதல் மாதிரியைச் செய்து பார்த்தபோது, ஒடுக்கமாக இருக்கிறதென்று வடிவமைத்தவர் அதை நடுவால் நீட்டுக்குப் பிளந்து நாலு அங்குலம் அகட்டினாராம். அதனால்தான் பொனற்றின் நடுவே அந்தத் தட்டையான பட்டி ஓடுகிறது. டீற்றருக்கு அது தெரிந்திருக்கவில்லை. என்னைப் பார்க்கும் அவரது பார்வை அன்றிலிருந்து மாறியது. என் பெயரை ஒழுங்காகச் சொல்லவும் பழகிக்கொண்டார்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தக் குணம். எதைக் கண்டாலும் அது ஏன் அந்த வடிவில் இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தால்தான் மனம் ஆறும். வன்னியில், தர்மபுரத்தில் பௌதிகம் படிப்பித்த காலத்தில் பழைய வானொலிப் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டினேன். இங்கே புதன்கிழமைகளில் பஸ் ஏறி நகரத்து ஓவியக்கூடத்துக்குப் போகிறேன். அங்கே குதிரைப் பந்தய ஓவியம் ஒன்று இருக்கிறது. குதிரைகள் முன்னங்கால்களை முன்னுக்கும் பின்னங்கால்களைப் பின்னுக்கும் நீட்டிப் பறக்கின்றன. எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. நான்கு கால்களும் நிலத்தை விடுகிற கணத்தில் அவை வயிற்றுக்குக் கீழே மடங்கித்தான் இருக்கும் என்று புகைப்படம் வந்த பிறகு நிரூபித்தார்கள். ஆனால் அந்தச் சரியான புகைப்படத்தில் குதிரை தடுக்கி விழப்போவதுபோலத் தெரிகிறது. பிழையான ஓவியத்தில்தான் அது காற்றாய்ப் போகிறது. இதை நான் பலருக்கும் ரசித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

அடுத்த அறையில் நசுக்கிய கார் ஒன்றை மேடையில் வைத்திருக்கிறார்கள். ஓர் ஆளுயரச் சதுரக் கட்டியாக அமத்தப்பட்ட இரும்பு. கதவின் பிடி ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கம் சொல்லிக்கொண்டு வந்த இளம்பெண் என்னிடம் திரும்பி, இதைப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டாள். "உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்?" என்றேன். அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. யாரும் இருக்கவில்லை, இது கலைப்படைப்பு என்றாள். நான் அவளை மடக்கக் கேட்கவில்லை. போர் முடிந்த பிறகு முல்லைத்தீவுக் கரையோரம் எரிந்து குவிந்து கிடந்த வாகனங்களைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, ஊரவர்களுடைய கார் ஏதும் அந்தக் குவியலில் தெரிகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவன் நான். அப்போதும் நான் தேடியது கார்களைத்தான்.

சென்ற வருடம் வசந்த காலத்தில், டீற்றர் தங்கள் பழைய கார்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசும்படி கேட்டார். போரால் பெற்றோல் வராத காலத்தில் வன்னியில் நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் பெரிய தாள்களில் படம் கீறிக்கொண்டு போனேன். மண்ணெண்ணெயில் கார் ஓடும், ஆனால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பாது. கிளப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். ஆசுப்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றுகிற சேலைன் போத்தலில் அந்தப் பெற்றோலை விட்டு, பொனற்றுக்குள் தலைகீழாகக் கட்டி, குழாய் வழியே, எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவோம். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அதன்பிறகு போய்ச் சேரும்வரை எஞ்சினை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மறுபடி பெற்றோல் வேண்டும். கலியாண வீட்டு வாசலிலும் செத்த வீட்டு வாசலிலும் கார்கள் வெள்ளைப் புகை கக்கியபடி இரைந்துகொண்டே நிற்கும். "நிப்பாட்டிப் போடாதை" என்பதுதான் சாரதிக்குச் சொல்லும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும். கார் நித்திரை கொள்ளக் கராஜைச் சூடாக்குகிற அந்த மனிதர்கள், காருக்குச் சேலைன் ஏற்றிய கதையைக் கேட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த நரைத்த பெண்மணி ஒருத்தி மாத்திரம் கேட்டாள்: "அது எப்போதும் வேலை செய்ததா?"

"இம்மர்" என்றேன். எப்போதும்.

திரும்பவும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே பொய்யை, தேவையே இல்லாத ஓர் இடத்தில், என்னை யாரும் சந்தேகிக்காத ஒரு மொழியில் மறுபடி சொல்லியிருக்கிறேன். நீங்கள் தர்மபுரத்தில் இருந்து வாசித்தாலும் ரொறன்ரோவில் இருந்து வாசித்தாலும் சரி, அந்தப் பொய் என்னவென்று நேராகவே எழுதிவிடுகிறேன். என் மனைவிக்கும் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் இந்த ஊரில் காலமானார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் பகுதியில் வாடகைக்கு ஓடியது கனகலிங்கத்தின் ஏ-போட்டி என்கிற பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றுதான். அந்தக் காரில் பொம்பிளை போனாள், பிரேதம் போனது, நெல் மூட்டையும் ஆட்டுக்கடாவும் போயின. என்னிடமும் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. ஆனால் அதை நான் ஓட்டுவதைவிடக் கழற்றுவதே அதிகம். மண்ணெண்ணெயைப் புகைபோக்கிக் குழாயின் சூட்டிலேயே ஆவியாக்கி அனுப்புகிற ஒரு செப்புச் சுருளை நானே செய்திருந்தேன். பாடசாலையில் நடக்கவிருந்த விஞ்ஞானக் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்காக ஒரு போத்தல் நல்ல பெற்றோலை அலுமாரியின் அடித்தட்டில் ஒளித்து வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் இன்னொரு போத்தல். பரிசோதனைக்காகப் பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்தது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கையில், காலை பத்து மணியளவில் கனகலிங்கம் ஓடி வந்தார். சேட்டுப் போடவில்லை.

"மாஸ்ரர், தங்கராசாண்ணையை வயலுக்க புடையன் பாம்பு கடிச்சுப்போட்டுது. கிளிநொச்சிக்குக் கொண்டோடோணும். ஸ்ராட் எடுக்க என்னட்டச் சொட்டும் இல்லை. இருக்கிறதைத் தாங்கோ."

நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். இரண்டு போத்தலையும் பார்த்தேன். கலந்ததை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"இவ்வளவுதான் கிடக்கு" என்றேன்.

"இது காணும் மாஸ்ரர். நீங்கள் நல்லா இருப்பியள்." போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

போதும் என்று நினைத்துக் கொடுத்தேனா என்று பிற்காலத்தில் என்னை நானே எத்தனையோ தடவை விசாரித்திருக்கிறேன். இல்லை. பாதி மண்ணெண்ணெயில் எஞ்சின் சரியாகச் சூடேறாது, போதாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு பேர் தள்ளி, கார் கிளம்பி என் படலையைக் கடந்து போனது. பின் ஆசனத்தில் தங்கராசாவின் தலையை மடியில் வைத்தபடி அவர் மனைவி புஸ்பம் இருந்ததைக் கண்டேன். எஞ்சின் இருமியது. சத்தத்தைக் கேட்டதுமே அது சூடேற முன்பு போத்தல் முடிந்துவிடும் என்று அறிந்தேன். அந்த நேரத்திலும் மற்றப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். கார் அவ்வளவு மெதுவாகத்தான் போனது. நான் யன்னலுக்குப் பின்னால் நின்று, இது எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் பார்த்தேன். மூன்று மைல் என்று மதித்தேன். நாலு மைல் போயிற்று.

முரசுமோட்டைக்கு இப்பால், இரண்டு பக்கமும் வயலாய்க் கிடக்கிற இடத்தில், ஒரு மதகைத் தாண்டியதும் கார் நின்றது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகே ரக்ரர் ஒன்று வந்தது. பெட்டியில் வைக்கோலைப் பரப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்கராசா மறுநாள் இறந்தார். நேரத்தோடு போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையில்தான் நான் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்தேன்.

பிரேதம் எடுத்த அன்று பின்னேரம் என் கண்காட்சி. நல்ல பெற்றோலில் மொறிஸ் மைனரைக் கிளப்பி, செப்புச் சுருளுக்கு மாற்றி, பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினேன். புகையே இல்லை. கைதட்டினார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் புஸ்பம் தலைவிரிகோலமாகக் கனகலிங்கத்தின் படலைக்கு முன்னால் போய் நின்று, மண்ணை அள்ளி எறிந்து திட்டினார். "எஞ்சினை நிப்பாட்டி என்ர மனுசனைக் கொண்டவனே" என்று. எங்கள் ரோட்டில் ஒரு கார் நடுவழியில் நின்றால் சனத்துக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்: சாரதி நிப்பாட்டிப் போட்டான். கனகலிங்கம் தான் நிறுத்தவில்லை என்றார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் தானாகவே சனசமூக நிலையத்தில் ஊரைக் கூட்டினார். கூட்டிவிட்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "மாஸ்ரரைக் கேளுங்கோ. அவர் படிச்ச மனுசன். அவர் என்ன சொல்லுறாரோ அதை நானும் ஏற்கிறன்."

தன்னைக் காப்பாற்ற அவர் கூப்பிட்ட சாட்சி நான்.

நான் கரும்பலகையில் காபரேற்றரைக் கீறினேன். பெற்றோலுக்குச் சிவப்பு வெண்கட்டி, மண்ணெண்ணெய்க்கு நீலம். என் வாழ்நாளில் நான் கீறிய மிக வடிவான படம் அது. சேலைன் போத்தலும் கீறினேன். அதற்குள் முழுவதும் சிவப்பாகத் தீட்டினேன். பிறகு, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் மிதியில் கால் இருக்கும்வரை தானாக நிற்காது என்றேன். மதகு ஏறி இறங்கும்போது உடம்பு எழும்பும், உடம்போடு காலும் எழும்பும், அந்த ஒரு கணத்தில் சூடு இறங்கிவிடும் என்றேன். "கனகலிங்கம் வேணுமெண்டு செய்யேல்லை. கால் எழும்பினது அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்று இரக்கமான குரலில் முடித்தேன். அந்த இரக்கம்தான் பொய்யை நிற்க வைத்தது. எல்லோரும் கனகலிங்கத்தின் வலது காலைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து அதைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரது காரை யாரும் பிடிக்கவில்லை. அவர் கூலி வேலைக்குப் போனார். சில வருடங்களில் நான் வவுனியா தாண்டிக் கொழும்புக்கும், அங்கிருந்து மகளிடமும் வந்துவிட்டேன். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து குடியேறியதெல்லாம் எனக்குச் செய்தி மட்டுமே.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். மகளிடம் நேர்த்திக்கடன் என்று சொன்னேன். தர்மபுரத்தில் கனகலிங்கத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமிருக்கவில்லை. என்னைக் கண்டதும் பிளாஸ்ரிக் கதிரையைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்து வைத்தார்.

"வாங்கோ மாஸ்ரர், இருங்கோ. முகம் அப்பிடியே கிடக்கு. தலைதான் நல்லா வெளிச்சுப்போச்சு. ஜேர்மன்காரர் மயிரையும் வரியாப் பிடிக்கிறவையோ?"

நான் சிரிக்கவில்லை. உட்காராமலே சொல்லத் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு போத்தல், அலுமாரி, யன்னல், மூன்று மைல். அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நீங்கள் எனக்காகச் சொல்லுறியள்" என்றார்.

"இல்லை கனகலிங்கம். கலந்ததைத்தான் உமக்குத் தந்தனான். தெரிஞ்சுதான் தந்தனான்."

"மாஸ்ரர், நான் காலை எடுத்தனான். மதகில. எனக்கு நல்ல ஞாபகம் கிடக்கு." வலது தொடையைத் தட்டிக் காட்டினார். "அந்த நேரம் ஞாபகம் இருக்கேல்லை. நீங்கள் படம் கீறி விளங்கப்படுத்தினாப் பிறகுதான் வந்தது. இப்ப கண்ணை மூடினாலும் தெரியுது, கால் எழும்புறது."

"போத்தல் மணக்கேல்லையோ உமக்கு?"

"அண்டைக்கு எது மணக்கேல்லை? சோறே மண்ணெண்ணெய் மணந்த காலமெல்லோ."

அவரது பெயரைத்தான் கெடுத்தேன் என்று எண்ணியிருந்தேன். அவரது தலைக்குள் புகுந்து, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் பொய்யன் நான்தான்.

புறப்படும்போது படலைவரை வந்தார். "புஸ்பமக்காவிட்டப் போய் இதைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். முப்பது வருடமாக, ஊரில் இருந்த காலம் முழுவதும், போகத்துக்குப் போகம் புஸ்பத்தின் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது அவர்தானாம். யாரும் கேட்கவில்லை, தானாகப் போய்ச் செய்தது. அவர் வாய்க்காலில் நிற்கிறபோது புஸ்பம் வரம்புக்கே வருவதில்லை. "இப்ப ரெண்டு வருசமாத்தான் படலையில வைச்சு ஒரு தேத்தண்ணி தாறா. அவா என்னை மன்னிச்சிட்டா, மாஸ்ரர். நான் செய்யேல்லை எண்டால் அவா மன்னிச்சது என்னத்தை?"

அவர் கேட்டுக்கொண்டதை நான் கேட்கவில்லை. மறுநாள் காலை புஸ்பத்திடம் போனேன். முற்றத்தில் பாய் விரித்து நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல கால் நிற்கவில்லை. பாயின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைவரை போய்த் திரும்பி வந்தார்.

"மற்றப் போத்தல் என்ன செய்தது?" என்று கேட்டார்.

"கண்காட்சிக்கு விட்டது."

"கார் ஓடினதோ?"

"ஓம்."

"கனநேரமோ?"

"பத்து நிமிசம்."

"பத்து நிமிசம்" என்று அவரும் சொன்னார். அப்போதுதான் கால் நின்றது. என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நல்லது என்றுகூட எண்ணினேன். அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தானே குடித்தார். எனக்குத் தரவில்லை.

"எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, மாஸ்ரர். நான் ஊருக்கு முன்னாலதானே அந்த மனுசனுக்கு மண் அள்ளி எறிஞ்சனான். நீங்களும் ஊருக்கு முன்னாலதானே படம் கீறினியள். அங்க வந்து சொல்லுங்கோ. நானும் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், புதிதாகக் கட்டிய சனசமூக நிலையத்தில் முப்பது பேர்வரை கூடியிருந்தார்கள். செயலாளர், நான் ஊரைவிட்டுப் போன வருடம் பிறந்தவராம், ஜேர்மனியிலிருந்து வருகை தந்திருக்கும் எங்கள் விருந்தினர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். கட்டடத்துக்கு ஏதாவது அன்பளிப்பு அறிவிப்பேன் என்று முன்வரிசை காத்திருந்தது. கரும்பலகை இல்லை, வெள்ளைப் பலகை. மைப் பேனைகளால் காபரேற்றரைக் கீறினேன். வட்டம் வட்டமாக வரவில்லை. சேலைன் போத்தலைப் பாதி சிவப்பும் பாதி நீலமுமாகத் தீட்டினேன். சின்னப்பிள்ளை கீறியதுபோல இருந்தது. முப்பது வருடத்தில் நான் அந்த ஊருக்குக் கீறிய ஒரேயொரு சரியான படம். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

கனகலிங்கம்தான் எழும்பினார்.

"மாஸ்ரருக்கு வயசு போட்டுது" என்றார் சனத்தைப் பார்த்து. "தங்கமான மனுசன். என்னில இரக்கப்பட்டுக் கடல் தாண்டி வந்து பழியைத் தன்ர தலையில போடுறார். அவர் போத்தில் தராட்டி நாங்கள் நாலு மைலும் போயிருக்கமாட்டம். காலை எடுத்தது நான்."

சிலர் தலையசைத்தார்கள். ஒருவர் கைதட்டவும் தொடங்கினார். எனக்குத்தான் அந்தக் கைதட்டல்.

"இரும் காணும், கனகலிங்கம்!" பெண்கள் பக்கமிருந்து புஸ்பம் எழுந்தார். "உமக்கென்ன விசரே? அந்தாள் பிளேன் ஏறி வந்து தன்ர குற்றத்தைச் சொல்லுது, நீர் குடுக்கமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்." சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. நான் அண்டைக்கு மண் அள்ளினது ஆள் மாறி. இவர் நிப்பாட்டேல்லை. நான் மடியில தலையை வைச்சுக்கொண்டு பின்னால இருந்தனான், இவற்ற கால் எழும்பினதை நான் காணேல்லை. மாஸ்ரர் கீறினாப் பிறகு நானும் கண்டதாத்தான் நினைச்சனான்."

கனகலிங்கம் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடுதலை கிடைத்த முகம் இல்லை அது. கையிலிருந்ததை யாரோ பறித்துக்கொண்டதுபோல இருந்தது.

"அப்ப நான் எதுக்கக்கா உங்கட வயலுக்குத் தண்ணி கட்டினனான்?" என்று கேட்டார்.

அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு புஸ்பம் அவரிடம் போய், "வாரும், போவம். தேத்தண்ணி குடிப்பம்" என்றார். வாசலில் என்னைக் கடக்கும்போது நின்றார். "அண்டைக்கு நீங்கள் கீறினது நல்ல வடிவான படம், மாஸ்ரர்" என்றார். பிறகு இறங்கிப் போனார். கனகலிங்கம் நாலடி பின்னால், வலது காலைக் கொஞ்சம் கவனமாக வைத்தபடி போனார்.

சனம் கலைந்தது. செயலாளர் அந்தச் சங்கடத்தை எப்படியாவது முடிக்க வேண்டுமே என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். பெயர், நாடு, கருத்து என்று நிரல் கீறியிருந்தது. பெயரை எழுதினேன். நாடு என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. அவர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, தானே ஜேர்மனி என்று எழுதித் திருப்பித் தந்தார். எனக்கு மேலே கனடாவிலிருந்து வந்த ஒருவர், மிக அழகான கட்டடம், தொடர்ந்து வளர வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார். நான், கனகலிங்கம் எஞ்சினை நிறுத்தவில்லை, பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து கொடுத்தது நான் என்று எழுதினேன்.

செயலாளர் அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஐயா, குறை நினையாதேங்கோ. இது வெளிநாட்டால வாறவைக்கு வைச்சிருக்கிற புத்தகம். ஊர்ச் சங்கதி கூட்டக் குறிப்பிலதான் எழுதிறது."

"அதைத் தாரும், அதிலயே எழுதுறன்."

"அதில அங்கத்தவர்தான் எழுதலாம், ஐயா."

கூட்டக் குறிப்பு அவர் கைக்கடியிலேயே திறந்திருந்தது. நான் தலைகீழாக வாசித்தேன். அன்றைய திகதிக்குக் கீழே, மை காயாத ஒரே ஒரு வரி: ஜேர்மனியிலிருந்து வந்த விருந்தினர் உரையாற்றினார். என் வரி விருந்தினர் புத்தகத்தில் கிடந்தது. இரண்டு புத்தகத்துக்கும் இடையில் ஒரு சாண் மேசைப்பலகை. என் கையில் மூடி கழற்றிய பேனை.